கேக்கின் மேலே இருப்பதும் சாப்பாடுதானே?

என்ன குட்டீஸ், பிறந்த நாள் கேக்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போகும்? கேக்கின் மீதா? இல்லவே இல்லை! அதன் தலையில் இருக்கும் ரோஜாப் பூ, வெள்ளி உருண்டை, பளபளக்கும் தங்கத் தூள், சிவப்புச் செர்ரி இவற்றின் மீதுதான். "பூ எனக்கு!", "செர்ரி எனக்கு!" என்று, வெட்டுவதற்கு முன்பே பங்கு பிரித்து முடித்திருப்பீர்கள்.

வெட்டிய பிறகு என்ன நடக்கிறது? பூவை ஒரு கடி கடித்துவிட்டு, "ஐயே, எண்ணெய் மாதிரி இருக்கு" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறீர்கள். வெள்ளி உருண்டை பல்லில் "கடக்" என்கிறது. அதைத் துப்பிவிடுகிறீர்கள். நீலக் கிரீம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிச் சிரிப்பதற்கு மட்டும் பயன்படுகிறது. விருந்து முடிந்து தட்டுகளை அடுக்கும்போது ஒரு முறை எட்டிப் பாருங்கள். எல்லாத் தட்டிலும் கேக் காலியாகியிருக்கும். அலங்காரம் மட்டும் மீதி இருக்கும்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. கேக்கின் மேல் எதை வைத்தாலும், அது நாம் ஆசையாகச் சாப்பிடும் பொருளாக இருக்க வேண்டும். சாப்பிட முடியாததைச் சாப்பாட்டின் மேல் வைக்கக்கூடாது. சாப்பிடக்கூடிய அலங்காரத்தை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே, பெரியவர் ஒருவர் துணையோடு நீங்களே செய்துவிடலாம். இதுதான் நான் சொல்ல வந்தது.

"கடையில் அழகாகச் செய்து தருகிறார்களே, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் பயமுறுத்தும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்று ஒரு குட்டி மாநிலம் உண்டு. அங்கே 2018-இல் ஒரு பிறந்த நாள் விழா. கேக்கின் மேல் ரோஜா நிறமும் தங்க நிறமும் கலந்த பளபளப்புத் தூள் பூசியிருந்தார்கள். அதைச் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சுகாதாரத் துறையினர் அந்தத் தூளைச் சோதித்தார்கள். என்ன இருந்தது தெரியுமா? செம்பு! ஆம், கிட்டத்தட்ட முழுக்க முழுக்கச் செம்புத் தூள்! அந்த டப்பாவின் மேல் "நச்சுத்தன்மை அற்றது" என்று எழுதியிருந்ததுதான் வேடிக்கை. 2021-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது.

இங்கே ஒரு சொல்லை நன்றாகக் கவனியுங்கள். "நச்சுத்தன்மை அற்றது" என்பது வேறு, "உண்ணத் தகுந்தது" என்பது வேறு. உங்கள் கிரேயான் பெட்டியின் மேலும் நச்சுத்தன்மை அற்றது என்று போட்டிருக்கும். அதற்காகச் சோற்றுக்குக் கிரேயானைத் தொட்டுக்கொள்வீர்களா? தவறி வாயில் பட்டால் பெரிய கெடுதல் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். உண்ணத் தகுந்தது என்றால் அந்தப் பொட்டலத்தின் மேல் அப்படியே எழுதியிருக்க வேண்டும். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் இருக்க வேண்டும். கைவினைக் கடையில் ஒப்பனைப் பொருள்களுக்குப் பக்கத்தில் விற்கும் மினுமினுப்புத் தூள், எவ்வளவு அழகாக இருந்தாலும் கேக்குக்கு ஆகாது.

நிறங்களின் கதையும் இப்படித்தான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டார்களே, நினைவிருக்கிறதா? அந்த இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் ரோடமின் பி என்ற சாயம். துணிக்குப் போடுவது! உணவில் அதற்கு இடமே கிடையாது. அதே ஆண்டு கர்நாடகத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் கேக்குகளைச் சோதித்தபோது 235 மாதிரிகளில் 12 மாதிரிகள் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும். 235-இல் 223 நன்றாகத்தான் இருந்தன. ஆகவே எல்லாக் கடைக்காரர்களும் விஷம் விற்கிறார்கள் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, நாணயமாகத் தொழில் செய்கிறவர்கள்தான் அதிகம். நம் நாட்டில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. அதற்கும் அளவு உண்டு; பெரும்பாலான உணவுகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஐரோப்பிய நாடுகளில் 2010 முதல் ஒரு விதி இருக்கிறது. குறிப்பிட்ட 6 செயற்கை நிறங்களில் ஏதாவது ஒன்றைச் சேர்த்தாலும், "இது குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்" என்று பொட்டலத்தின் மேல் எச்சரிக்க வேண்டும். அந்த ஆறில் நான்கு, நம் எட்டிலும் இருக்கின்றன. நமக்கு அந்த எச்சரிக்கை வரி கிடையாது. இருந்தால் நல்லது என்பேன்.

இன்னொரு விஷயம். கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் "செர்ரி" பல கடைகளில் செர்ரியே இல்லை. அது களாக்காய்! நம் ஊர்க் காட்டோரங்களில் முள் புதரில் காய்க்கும் அதே களாக்காய்தான். கொட்டையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்பு நிறம் ஏற்றிவிடுகிறார்கள். பன்னில் பச்சை, மஞ்சள், சிவப்பாக மின்னும் டூட்டி ஃப்ரூட்டி? இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்கு "எல்லாப் பழங்களும்" என்று அர்த்தமாம். நம் ஊரில் அது ஒரே ஒரு காய். பப்பாளிக் காய்!

இதைக் கேட்டு ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. வெளியூர்ப் பலகாரத்தை நம் ஊரில் விளைவதைக் கொண்டு அலங்கரிக்க முடியும் என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் பாருங்கள்! கேரளத்தில் தலச்சேரி என்ற ஊரில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், 1883-இல் ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதானாம். அதிலும் உள்ளூர்ச் சரக்குதான் போட்டாராம். தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு மூன்றும் சேர்ந்தது. ஒரு மக்ரூனை அப்படியே கேக்கின் உச்சியில் கவிழ்த்து வையுங்கள். அதைவிட அழகான கோபுரம் உண்டா? அதை யாராவது தட்டில் ஒதுக்குவார்களா?

சரி, பப்பாளிக் காய்க்கு வருவோம். இதை எல்லோரும் செய்யலாம். அடுப்பை மட்டும் அம்மாவோ அப்பாவோ பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு அதிகம். கையில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் பாகு அடுப்பில் இருக்கும் வரை உங்கள் வேலை நறுக்குவதும், வேடிக்கை பார்ப்பதும், கேள்வி கேட்பதும் மட்டுமே!

கெட்டியான பப்பாளிக் காயைத் தோல் சீவி, விதை நீக்கி, பால் போகக் கழுவிக்கொள்ளுங்கள். பழுக்க ஆரம்பித்தது கூடாது, குழைந்துவிடும். பட்டாணி அளவில் சதுரம் சதுரமாக நறுக்க வேண்டும். அரை கிலோ துண்டுகளுக்கு 300 கிராம் சர்க்கரை போதும். முதலில் துண்டுகளைக் கொதிக்கும் நீரில் 5, 6 நிமிடம் வேகவிட்டால் வெள்ளை மாறி, கண்ணாடி மாதிரி ஆகும். உடனே வடிகட்டிவிட வேண்டும். பிறகு சர்க்கரையில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைந்ததும், துண்டுகளை அதில் போட்டு நிதானமான தீயில் ஒரு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். பாகை இரு விரல்களுக்கு இடையில் இழுத்தால் நூல் போல வருமே, அதுதான் கம்பிப் பதம். சோதித்துப் பார்ப்பது பெரியவர் வேலை, அதுவும் கரண்டியில் எடுத்து ஆறவைத்த பிறகு.

இறக்கியதும் பாகோடு மூன்று கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் உங்கள் ஆட்சி! ஒரு கிண்ணத்தில் பீட்ரூட் சாறு ஒரு கரண்டி. இன்னொன்றில் மஞ்சள் தூள் ஒரே ஒரு சிட்டிகை. மூன்றாவது அப்படியே வெள்ளையாக இருக்கட்டும். அல்லது அரைத்து வடிகட்டிய பாலக் கீரைச் சாறு கொஞ்சம். ஒரு பகலும் ஓர் இரவும் மூடி வையுங்கள். மறுநாள் பாகை வடித்துவிட்டு, தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்தினால் முடிந்தது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். கடைப் பாக்கெட் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது; இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தீராமல் இருந்தால்தானே! வடித்த சிவப்புப் பாகில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சர்பத் ஆச்சு.

இந்த மூன்று கிண்ணங்களில் ஒரு முழு அறிவியல் பாடம் இருக்கிறது. பீட்ரூட் நிறத்துக்குச் சூடு ஆகாது. அடுப்பில் வைத்தால் வெளுத்துப்போகும். அதனால்தான் இறக்கிய பிறகு சேர்க்கச் சொன்னேன். அதில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நன்றாக நிற்கும். கீரைப் பச்சையில் அப்படி விட்டுவிடாதீர்கள். புளிப்புப் பட்டால் பச்சை மங்கி, பழைய காக்கி நிறமாகிவிடும். மஞ்சளுக்குப் புளிப்பைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு ஆகாதது சமையல் சோடா. சோடா பட்டதும் சிவந்துவிடும்! லிட்மஸ் தாள் வாங்க வசதியில்லாத பள்ளிகளில், வடிதாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் காட்டுவோம். தாள் சிவந்ததும் கடைசி பெஞ்சுக்காரனும் எழுந்து முன்னால் வந்துவிடுவான். கேரட் நிறம் தண்ணீரில் இறங்காது, நெய்யில் இறங்கும். துருவிய கேரட்டை நெய்யில் வதக்கிப் பாருங்கள், நெய்யே ஆரஞ்சு நிறமாகும். நீலம் வேண்டுமா? வேலியில் படரும் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலத் தண்ணீர் கிடைக்கும். மலேசியாவில் அதைக் கொண்டு சோற்றுக்கே நிறம் ஏற்றுகிறார்கள். அந்த நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும் மாயத்தை நீங்களே பாருங்கள்.

ஒரு கடைக் குப்பியைத் திறந்து நாலு சொட்டு விட்டால் இதில் எதுவும் தெரியவராது. வீட்டில் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஆரோக்கியம் பாதிக் காரணம் என்றால், இது மீதிக் காரணம்.

அடுத்தது முந்திரிப் பழங்கள். வெளிநாடுகளில் பாதாமை அரைத்துச் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, குட்டிக் குட்டிப் பழங்களாக உருட்டிக் கேக்கின் மேல் வைப்பார்கள். மார்சிபான் என்று பெயர். கோவாவில் அதையே முந்திரியில் செய்கிறார்கள். முந்திரி கத்லி செய்யத் தெரிந்த வீட்டில் இது ஒன்றும் புதிது அல்ல. 100 கிராம் முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டுப் பொடிக்க வேண்டும். ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் விட்டுக் களியாகும். 60 கிராம் சர்க்கரையைக் கம்பிப் பாகு வைத்து, பொடியைக் கொட்டிக் கிளறி இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் நெய் தொட்டுப் பிசைய வேண்டும். அப்புறம் களிமண் வேலைதான்! மாங்காய், கத்தரிக்காய், வாழைத்தார், யானை, உங்கள் வீட்டுப் பூனை, எது வேண்டுமானாலும். ஆப்பிள் உருட்டினால் காம்புக்கு ஒரு கிராம்பு குத்துங்கள். தின்னும்போது கிராம்பை எடுத்துவிட மறக்காதீர்கள். முந்திரி விலை எனக்கும் தெரியும். கையைக் கடித்தால் பொட்டுக்கடலை மாவில் சர்க்கரைத் தூளும் நெய்யும் சேர்த்து உருட்டுங்கள், அதுவும் உருவம் பிடிக்கும்.

விருந்துக்கு வரும் நண்பர்களில் யாருக்காவது கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது விளையாட்டல்ல, உயிருக்கே ஆபத்து. தம்பி பாப்பாவின் முதல் பிறந்த நாள் கேக் என்றால் தேன் எதிலும் சேர்க்க வேண்டாம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழு முந்திரி, முழுக் கடலையும் சின்னஞ்சிறுசுகளுக்குத் தொண்டையில் அடைக்கும். பொடித்துத்தான் தூவ வேண்டும்.

கேக்கின் மேல் கோடு போட, பெயர் எழுத? சர்க்கரையோடு ஒரு கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்தால் ஐசிங் சர்க்கரை. அதில் பால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்து, மருதாணிக் கூம்பு மாதிரி சுருட்டிய சுத்தமான தாளில் நிரப்பி, நுனியை வெட்டினால் எழுதும் பேனா தயார். பச்சை முட்டையின் வெள்ளைக் கருவை அடித்துச் சேர்க்கும் முறையும் உண்டு. வேகாத முட்டையில் நோய்க் கிருமி இருக்கக்கூடும் என்பதால் குழந்தைகளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

முதல் முறை கோடு நெளியும். பரவாயில்லை. உங்கள் பாட்டி அரிசி மாவில் இழைக் கோலம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? விரலிடுக்கில் மாவு எப்படிச் சீராக விழுகிறது! அவர் ஐசிங் கூம்பைப் பிடித்தால் பேக்கரி மாஸ்டரே நின்று பார்ப்பார். அரிசி மாவுக் கோலத்தை எறும்பு வந்து தின்னும். அலங்காரம் யாருக்காவது உணவாகவும் இருக்க வேண்டும் என்பது நம் வீட்டு வாசலிலேயே இருந்த வழக்கம்தான். இப்போது பல வாசல்களில் கல்மாவு வந்துவிட்டது, ஸ்டிக்கரும் வந்துவிட்டது. எறும்புகளிடம் கேட்டால்தான் தெரியும்!

பூக்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிஜப் பூக்களைக் கேக்கில் செருகும் பழக்கம் பரவியிருக்கிறது. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் பூ என்றால் எல்லாப் பூவும் அல்ல. அரளிப் பூவும் இலையும் நஞ்சு! கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே, பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவு செய்தது. கடவுளுக்குப் படைக்கும் சோற்றிலேயே வேண்டாம் என்றால் கேக்கில் எதற்கு? பூக்கடையில் வாங்கும் ரோஜாவிலும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மருந்து அடிக்காமல் உங்கள் வீட்டுத் தொட்டியில் பூத்த பன்னீர் ரோஜா இதழ் என்றால் சரி. கழுவி, ஈரம் போக உலர்த்தி, கெட்டியான சர்க்கரைத் தண்ணீரை மெல்லத் தடவி, மேலே சர்க்கரைத் தூளைத் தூவி இரண்டு நாள் காயவிட்டால் மொறுமொறு இதழ்கள்! இலை வேண்டுமானால் வெற்றிலை இருக்கவே இருக்கிறது. கழுவித் துடைத்து, அதன் பின்பக்கத்தில் உருக்கிய சாக்லேட்டைத் தடவி, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, வெற்றிலையை உரித்துவிட்டால் நரம்பு நரம்பாகச் சாக்லேட் இலை வரும். வெற்றிலையில் பொட்டு ஈரம் இருந்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

இவை எதுவும் முடியாத நாளும் உண்டு. அன்றைக்குக் கடலை மிட்டாயை இடித்துத் தூவுங்கள். வறுத்த எள், துருவிய தேங்காய், கல்கண்டு, மாதுளை முத்துகள் இருக்கின்றன. மாதுளையை மட்டும் பரிமாறும் நேரத்தில் தூவ வேண்டும், சாறு விடும். வீட்டில் கேக் சுட வசதி இல்லையா? கிரீம் தடவாத வெறும் கேக்கைப் பேக்கரியில் வாங்கி வந்து மேலே உள்ளதை மட்டும் நீங்கள் செய்தாலும் போதும்.

மேலே தெளிக்கும் இன்னொன்று இருக்கிறது. அந்த வெள்ளை நுரை டப்பா! கேக் வெட்டும் நேரத்தில் "புஸ்ஸ்" என்று பிறந்த நாள் கொண்டாடுபவர் முகத்திலும் கேக்கின் மேலும் அடிக்கிறார்களே, அது உணவே இல்லை. பல டப்பாக்களில் நுரையை வெளியே தள்ளுவது தீப்பற்றும் வாயு. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று அதை அடிப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! கேக்கை அள்ளி முகத்தில் அப்புவதும் எனக்குப் பிடிக்காது. அதைச் சுட்டவர் அந்த அறையிலேயே நிற்கும்போது எப்படித்தான் மனசு வருகிறதோ.

அம்மாமார்கள் சிலர், "பிள்ளைகள் சமையலறைக்கு வந்தால் எனக்கு இரண்டு மடங்கு வேலை" என்பார்கள். உண்மைதான். மாவு சிந்தும், சர்க்கரை ஒட்டும், எறும்பு வரும். அதனால் ஒரு நிபந்தனை போட்டுக்கொள்ளுங்கள்: அலங்காரம் செய்தவர்தான் மேடையைத் துடைக்க வேண்டும். "இது பெண் பிள்ளைகள் வேலை" என்று நழுவும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான். கல்யாண வீட்டில் நூறு கிலோ பாகைக் கம்பிப் பதத்தில் இறக்கும் சமையல் மாஸ்டர்களில் பலர் மீசை வைத்த மாமாக்கள்தானே!

நீங்கள் செய்தது கடையில் வாங்கியதைப் போல மின்னாது. ரோஜா கொஞ்சம் கோணும். யானை, பன்றி போல இருக்கும். வகுப்பில் யாராவது சிரிக்கவும் செய்யலாம். அவர் கையில் அந்த யானையின் காதைப் பிய்த்துக் கொடுத்துவிடுங்கள். வாயில் போட்ட பிறகு சிரிப்பாரா, இன்னொரு காதைக் கேட்பாரா என்று பார்ப்போம்.

சில சமயம் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்போது கூச்சப்படாமல், "அண்ணா, மேலே இருப்பது என்ன? எல்லாமே சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். தூவும் பொருளைப் பாக்கெட்டாக வாங்கினால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலில் நிறங்களை எண்களாகப் போட்டிருப்பார்கள். 102, 110, 122, 124 என்று கண்டால் நான் சொன்ன எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள நான்கும் அவைதான். 133 என்றால் செயற்கை நீலம். 100 என்று இருந்தால் அது மஞ்சளில் உள்ள நிறம். 162 என்றால் பீட்ரூட்!